ஒரு கரண்டி உறைமோர்

மங்கையர்க்கரசி வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. பாளையங்கோட்டையில் அந்த வளவில் குடியிருந்த ஒருவருக்கும் இதை அவளால் கடைசி வரை புரியவைக்க முடியவில்லை. அவள் படித்தது மூலக்கூறு உயிரியல். உடம்புக்குள் ஓர் உறுப்பு அனுப்புகிற சேதி இன்னோர் உறுப்புக்கு எப்படிப் போய்ச் சேருகிறது, வழியில் எங்கே தொலைகிறது என்று துருவித் துருவியே தலை நரைத்தவள். ஆனால் 'டாக்டர்' என்ற சொல் ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் யார் விடுவார்கள்? அவள் வாசலில் கால் வைத்ததும் ஒருத்தி நாக்கை நீட்டுவாள். ஒரு பெரியவர் வேட்டியை ஏற்றிக்கொண்டு முழங்கால் மூட்டைக் காட்டுவார். அவளும் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு நாக்கை எட்டிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

வளவு என்றால் நடுவில் ஒரு முற்றம், சுற்றிலும் ஒட்டுக் குடித்தனங்கள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். ஒரு வீட்டில் தும்மினால் எதிர் வீட்டில் கஷாயம் கொதிக்கும். அங்கே தென்கோடி வீட்டில் இருந்தாள் முப்பிடாதி. ஒன்பது வயது. பார்த்தால் நான்கு வயதுக்கு மேல் மதிக்க முடியாது. பொம்மை மாதிரி சின்னக் கைகால், கீச்சென்ற குரல், கொஞ்சம் முன்தள்ளிய நெற்றி. புத்தியில் எந்தக் குறையும் இல்லை. வாய்ப்பாடு சொல்வதில் வகுப்பில் முதல், வாயாடுவதில் பள்ளிக்கூடத்திலேயே முதல்.

டவுன் பஸ்ஸில் ஏறினால் முன்பின் தெரியாத பெண்கள் அவளைத் தூக்கி மடியில் இருத்திக் கன்னத்தைக் கிள்ளுவார்கள். அவளுக்கு அது அடியோடு பிடிக்காது. படியில் தூக்கிவிட வந்த கண்டக்டரின் கையை ஒருமுறை கடித்தே வைத்துவிட்டாள். எவ்வளவு உயரம் வளர ஆசை என்று மங்கை முதல் நாள் கேட்டபோது யோசிக்காமல் பதில் வந்தது.

"ஒருத்தரும் என்னயத் தூக்க முடியாத அளவுக்கு."

மங்கை சிரித்துவிட்டாள். ஆனால் ஆய்வகத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பதில்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அவளுக்குப் பிள்ளை இல்லை. அதனால்தான் இந்தச் சிறுமி மேல் அவளுக்கு இத்தனை பாசம் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களோடு அவள் பேச்சையே நிறுத்திக்கொண்டாள்.

முப்பிடாதியின் தாய் செல்லக்கனி தன் சொந்தத் தாய்மாமனைக் கட்டியவள். மாமன் ஆவுடையப்பன் மினிபஸ் ஓட்டுகிறான். பிள்ளைக்கு வளர்ச்சி ஊசி எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று, ஒரு விரற்கடை கூட ஏறவில்லை என்று செல்லக்கனி புலம்பினாள். மங்கை அவளுக்கு எதிரே பாயில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினாள்.

"தலைக்குள்ள ஒரு சுரப்பி இருக்கும்மா. 'வளரு, வளரு'ன்னு அது உத்தரவு போட்டுக்கிட்டே இருக்கும். உங்க பிள்ளைக்கு அந்த உத்தரவு மத்தப் பிள்ளைகளைவிட அதிகமாவே வருது. ஈரலுக்குத்தான் காது கேக்கல. அது கேட்டிருந்தா வளர்ச்சிக் காரணின்னு ஒண்ணைச் செஞ்சு எலும்புக்கு அனுப்பிவிடும். அதுதான் எலும்பை வளர வைக்கிறது. நீங்க போட்ட ஊசியும் உத்தரவுதான். காது கேக்காத ஆளுகிட்ட இன்னும் சத்தமாக் கத்தின மாதிரி."

செல்லக்கனி கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்போ ஈரலை விட்டுட்டு, அந்த ரெண்டாவது ஆளை நாமளே நேரா எலும்புக்கு அனுப்ப முடியாதா?"

மங்கையின் ஆராய்ச்சி முழுக்க அந்த ஒரு கேள்விதான். அனுப்ப முடியும். ஏற்கெனவே ஊசியாக அனுப்பிக்கொண்டும் இருந்தார்கள். ஆனால் தினம் இரண்டு வேளை குத்த வேண்டும். குத்தியதும் ரத்தத்தில் சர்க்கரை சடாரென்று இறங்கிப் பிள்ளைகள் மயங்கி விழும். விலையோ, மினிபஸ் ஓட்டுகிறவன் கேட்டாலே மயங்கி விழுகிற விலை. அதனால் மங்கை வேறு வழி யோசித்தாள். பாலைத் தயிராக்குகிற நுண்ணுயிரிக்குள் வளர்ச்சிக் காரணியைச் செய்யும் மரபணுவைப் பொருத்தினாள். குடலைத் தாண்டி ரத்தத்தில் கலக்க அதற்கு ஒரு துணையையும் கட்டிவிட்டாள். ஒரு கிண்ணம் தயிர், மத்தியானம் சோற்றில் பிசைந்து சாப்பிட்டால் போதும். ஊசி வேண்டாம், மயக்கம் வேண்டாம். நம் ஊர்ப் பிள்ளைகள் வேண்டாமென்று சொல்லாத மருந்து.

பரிசோதனைக் குழுவில் இருந்தவர்கள் ஆகா என்றார்கள். மருந்து வெளியே பரவாமல் இருக்கவும் அவள் ஏற்பாடு செய்திருந்தாள். வாரா வாரம் ஆய்வகத்திலிருந்து புதுத் தயிரும் கூடவே ஒரு பொட்டலம் பொடியும் வரும். அந்தப் பொடி இருந்தால்தான் நுண்ணுயிரி பிழைக்கும், இல்லையென்றால் ஒரே நாளில் செத்துப்போகும். அதற்கு மேலும் இருக்கட்டுமென்று விதிகளில் ஒரு வரி சேர்த்தார்கள்: இந்தத் தயிரை வேறு யாருக்கும் சாப்பிடக் கொடுக்கக் கூடாது. செல்லக்கனி கோயிலில் நின்று சத்தியம் செய்கிறவள்போலத் தலையாட்டினாள். சத்தியத்தை அவள் மீறவுமில்லை.

ஐப்பசியில் முதல் கிண்ணம் வந்தது. தை பிறப்பதற்குள் முப்பிடாதி வளரத் தொடங்கிவிட்டாள்.

அதை முதலில் கண்டுபிடித்தது அடுத்த வீட்டுப் பகவதி. வாசலிலேயே தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு தைக்கிறவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறான். பேசுவதற்கு ஆள் வேண்டுமே என்று முப்பிடாதியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் மிஷினை மிதிப்பாள். பிள்ளை என்றைக்காவது வளர்ந்துவிடும் என்ற நம்பிக்கையில் யூனிஃபார்மை எப்போதும் உள்பக்கம் நிறைய மடிப்பு விட்டுத் தைப்பது அவள் வழக்கம். வருஷக்கணக்காக அந்த மடிப்பு மடிப்பாகவே இருந்தது. இப்போது முதல் மடிப்பைப் பிரித்துவிட்டாள். மாசியில் இரண்டாவதையும் பிரித்தாள். பங்குனியில் புதுத் துணி எடுக்க வேண்டியிருந்தது. பகவதி அன்றைக்கு வளவு முழுக்கக் கருப்பட்டி மிட்டாய் கொடுத்தாள்.

மங்கைக்கு அந்த மாதங்கள்தான் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். அளவு எடுக்க வேறு ஆளை அனுப்பலாம், அவள் அனுப்பவில்லை. தானே வந்து பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி அளந்தாள். முப்பிடாதி குதிகாலைத் தூக்கி ஏமாற்றப் பார்ப்பாள், மங்கை அவள் காலை அமுக்குவாள். இப்போதெல்லாம் பஸ் படியில் அவள் தானாகவே ஏறுகிறாளாம். கண்டக்டர் அரை டிக்கெட் கேட்டானாம். அதைச் சொல்லும்போது பிள்ளை முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

வளவு மனிதர்களும் அந்த வருஷம் என்னவோ தளதளவென்று இருந்தார்கள். மூட்டுவலிப் பெரியவர் வேட்டியை ஏற்றிக் காட்டுவதை நிறுத்தியிருந்தார். குழாயடியில் பெண்கள் முகமெல்லாம் பளிச்சென்று இருந்தது. நாக்கை நீட்டுகிறவள் மட்டும் மோதிரம் விரலில் இறுகிவிட்டது, சோப்பு போட்டும் கழற்ற முடியவில்லை என்று காட்டினாள். உடம்பு போட்டிருக்கிறது, வேறொன்றுமில்லை என்று மங்கை கேலி செய்தாள். எத்தனை வருஷம் படித்தவள் அவள்! விரல் தடிப்பதும் தோல் மினுங்குவதும் எதன் அடையாளம் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வளவில் அதைத் தேட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

சித்திரையில் ஒரு நாள், வெயில் தாழ்ந்த நேரம். மங்கை செல்லக்கனியின் அடுக்களை வாசலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தாள். நாக்கை நீட்டுகிற அந்தப் பெண் ஒரு சின்னக் கிண்ணத்தோடு வந்து நின்றாள். கிண்ணத்தை நீட்டினாள். செல்லக்கனி மங்கையோடு பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்தாமலே அடுப்புக்குப் பக்கத்திலிருந்த பாத்திரத்தைத் திறந்து, ஒரு கரண்டி எடுத்துக் கிண்ணத்தில் விட்டாள். வந்தவள் விளக்கு வைப்பதற்குள் போய்விட வேண்டும் என்று முந்தானையால் கிண்ணத்தை மூடிக்கொண்டு போனாள்.

மங்கை தம்ளரைக் கீழே வைத்தாள்.

"என்னம்மா குடுத்த?"

"ஒறமோரு" என்றாள் செல்லக்கனி, இதைக்கூடவா கேட்பார்கள் என்கிற குரலில். "அவ வீட்ல தயிரு புளிச்சுப்போயிருக்கும். பாலுக்கு ஊத்தணும்லா."

"தயிரை யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சொன்னேனே."

"தயிரு நான் குடுக்கலையே. சாமி சத்தியமா ஒருத்தருக்கும் ஒரு வாய் சாப்பிடக் குடுக்கல. ஒறமோருதான குடுத்தேன்? அதக் கேட்டு வந்தவள இல்லன்னு எப்பிடிம்மா திருப்பி அனுப்ப?"

அவள் நடிக்கவில்லை. அவளைப் பொறுத்தவரை தயிர் என்பது சாப்பிடுகிற பண்டம். உறைமோர் சாப்பிடுகிற பண்டமே இல்லை. அடுத்த வீட்டுப் பால் தயிராவதற்கு இந்த வீடு செய்கிற உபகாரம், அவ்வளவுதான். அதை மறுத்தால் வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள். செல்லக்கனியின் தயிர் கத்தியால் வெட்டுகிற மாதிரி உறைகிறது என்று வளவில் பேராகிவிட்டதால் எல்லா வீடும் இப்போது அவளிடம்தான் வந்தன. ஒருமுறை வாங்கிப் போனவர்கள் பிறகு தங்கள் தயிரிலிருந்தே நாளுக்கு நாள் உறை ஊற்றிக்கொண்டார்கள்.

மங்கையும் இந்த ஊர்க்காரிதான். சின்ன வயதில் கிண்ணத்தோடு எத்தனை வீட்டு வாசலில் நின்றிருக்கிறாள்! விதிகளில் அந்த வரியை எழுதும்போது ஒரு நிமிஷம் அது நினைவுக்கு வந்திருக்கக் கூடாதா? ஆய்வகத்தின் கண்ணாடிச் சுவருக்குள் உட்கார்ந்ததும் தயிரை அவளும் பண்டம் என்றுதான் நினைத்தாள். அது விதை என்பது நினைவில்லை.

பொடி இல்லாமல் எப்படியும் செத்திருக்கும் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இருந்தாலும் நாலு வீட்டில் மோர் வாங்கிக் குடிப்பதுபோலப் போய், கொஞ்சம் கொஞ்சம் குப்பியில் எடுத்துக்கொண்டு வந்து சோதித்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் உயிரோடு இருந்தது. வளர்ச்சிக் காரணியைத் தாராளமாகச் சுரந்துகொண்டும் இருந்தது. வீட்டுத் தயிரில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற ஊர் நுண்ணுயிரிகளோடு சேர்ந்ததும், தனக்கு இல்லாத ஒரு மரபணுவை அவற்றிடமிருந்து இது வாங்கிக்கொண்டிருந்தது. இனி அதற்குப் பொடி தேவையில்லை. ஆய்வகத்தில் அவள் கொதிக்கவைத்து வடிகட்டிய சுத்தமான பாலில்தான் அதைச் சோதித்திருந்தாள். அங்கே கடன் வாங்க அக்கம்பக்கம் இல்லை.

பிள்ளைக்கு வைத்தியம் பார்த்தவர் ஜெயசிங். ஹார்மோன் நோய்களுக்கான டாக்டர், நிஜமாகவே ஊசி போடுகிற டாக்டர். அவருடைய அறையில் காபி குடிக்கும்போது மங்கை பேச்சோடு பேச்சாகக் கேட்டாள், நல்ல உடம்புள்ள பெரியவர்கள் யாராவது இந்தத் தயிரைச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று.

"கொஞ்ச நாளைக்கு ஜோரா இருப்பாங்க. தோல் மினுங்கும், வலியெல்லாம் குறையும். அப்புறம் மோதிரம் இறுகும், செருப்பு பத்தாது" என்றார் ஜெயசிங். "அது பரவால்ல, நிறுத்தினா சரியாப்போகும். ஆனா உடம்புக்குள்ள எது தூங்கிட்டிருக்குன்னு யாருக்குத் தெரியும்? வளர்ச்சிக் காரணிக்கு எலும்பு எது, கட்டி எதுன்னு பாகுபாடு கிடையாது மேடம். எல்லாத்தையும் வளருன்னுதான் சொல்லும். முப்பிடாதி மாதிரிப் பிள்ளைங்களுக்குப் புற்றுநோய் அநேகமா வர்றதே இல்ல, கவனிச்சிருக்கீங்களா? அந்தக் காரணி இல்லாததாலதான். ஏன் கேக்கிறீங்க?"

"சும்மாதான்" என்றாள் மங்கை.

சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்றைக்கே பரிசோதனையை நிறுத்துவார்கள், முப்பிடாதிக்குக் கிண்ணம் வராது. பிள்ளையின் கை எலும்புப் படத்தை மங்கை அன்று காலையில்தான் பார்த்திருந்தாள். எலும்பு நுனிகள் இன்னும் திறந்திருந்தன, ஆனால் மற்றப் பிள்ளைகளைவிட வேகமாக மூடிக்கொண்டும் வந்தன. இந்த மருந்தில் அப்படித்தான் ஆகும். இப்போது நிறுத்திவிட்டு, விசாரணை எல்லாம் முடிந்து மறுபடி தொடங்குவதற்குள் கதவு சாத்தியிருக்கும். பிறகு உலகத்தில் எந்த மருந்தாலும் அவளை வளர்க்க முடியாது. ஆவணி வரைக்கும் விட்டால் போதும். பஸ்ஸில் யாரும் தூக்க நினைக்காத உயரத்துக்கு வந்துவிடுவாள்.

ஒரு தட்டில் பிள்ளையின் உயரம். இன்னொரு தட்டில் யாருக்கோ ஏதோ ஆகலாம் என்கிற ஒரு 'லாம்'. மங்கை கடையில் நல்ல தயிராக வாங்கிச் செல்லக்கனியிடம் கொடுத்து, உறைமோர் கேட்டால் இனி இதிலிருந்துதான் கொடுக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள். மற்ற வீடுகளிலும் அப்படி இப்படிச் சாக்குச் சொல்லிப் பாத்திரத்தை மாற்றவைத்தாள். சில வீடுகளில் மாற்றினார்கள். வெட்டுகிற மாதிரி உறைகிற தயிரை விட மனமில்லாதவர்கள் தலையாட்டிவிட்டுப் பழையதையே தொடர்ந்தார்கள். எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று மங்கை நம்பினாள். அப்படி நம்புவதற்கு விஞ்ஞானத்தில் எந்த ஆதாரமும் இல்லை என்பது அவளுக்கே தெரிந்திருந்தது.

ஆவணி தொடங்கும்போது முப்பிடாதி பகவதியின் தையல் மிஷின் பெடலை உட்கார்ந்தபடி மிதிக்கிற அளவுக்கு வளர்ந்திருந்தாள். ஆனால் மிஷினில் பகவதி இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றாள் செல்லக்கனி. மார்பில் பல வருஷமாகக் கடலைப் பருப்பு மாதிரி ஒன்று இருந்ததாம். வலிக்கவில்லை, வளரவில்லை, அதனால் அவளும் யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கோடையில் அது எலுமிச்சம்பழம் ஆகிவிட்டது. அறுவை செய்ய வயிற்றையும் முதுகையும் படம் எடுத்துப் பார்த்தால், அங்கேயெல்லாம் பரவியிருக்கிறது. இப்படிப்பட்ட வேகத்தைப் பார்த்ததே இல்லை என்று டாக்டர்கள் சொன்னார்களாம்.

மங்கை வளவிலிருந்து நேரே ஜெயசிங்கிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "சித்திரையிலயே தெரிஞ்சிருந்தா அந்தம்மாவை உக்கார வெச்சுப் பரிசோதிச்சிருப்போமே" என்றார். பிறகு தொலைபேசியை எடுத்தார்.

மறுநாள் முகமூடியும் கையுறையும் போட்ட ஆட்கள் வளவுக்குள் வந்தார்கள். வீடு வீடாகத் தயிர்ப் பாத்திரங்களை வாங்கி மருந்து கலந்த அண்டாவில் கவிழ்த்தார்கள். எல்லாரையும் வரிசையில் நிறுத்தி ரத்தம் எடுத்தார்கள். முப்பிடாதியின் கிண்ணம் அன்றோடு நின்றது. அவளுக்கு மட்டுமில்லை, வேறு வேறு ஊர்களில் இதே தயிரைச் சாப்பிட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் நின்றது. வந்த அதிகாரி ஒருவர், விதியை மீறி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தவள் செல்லக்கனி என்று முற்றத்தில் நின்றே சொல்லிவிட்டுப் போனார். அது போதுமே. அன்றைக்கு மேல் அவள் வீட்டுப் படியை ஒருவரும் மிதிக்கவில்லை. குழாயடிக்கு அவள் வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். தன் கையால்தான் பகவதிக்கு இப்படி ஆனது என்று செல்லக்கனி சரியாகச் சாப்பிடுவதும் இல்லை.

ஐப்பசியில் பகவதியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதற்கு ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு நாகரிகமான பெயர்: வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மங்கை ஒரு வாரம் தயங்கிவிட்டுப் போனாள். வளவில் அவளைப் பார்த்து யாரும் நாக்கை நீட்டவில்லை.

பகவதி கட்டிலில் சாய்ந்திருந்தாள். உடம்பில் பாதி இல்லை. திருப்பூரிலிருந்து வந்திருந்த மகன் நாற்காலியைப் போட்டுவிட்டு வெளியே போனான். பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்றுதான் பகவதி முதலில் கேட்டாள். மங்கை சொன்னாள். இன்னும் வளருவாளா என்று கேட்டாள். எலும்பு மூடிக்கொண்டது, இனி இவ்வளவுதான் என்று மங்கை சொன்னாள்.

"அப்போ கொஞ்சம் குறைஞ்சு போச்சு" என்றாள் பகவதி, துணி பற்றாதபோது சொல்கிற மாதிரி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "டாக்டரம்மா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். செல்லக்கனி பாவம், அவ மறைச்சுக் குடுத்துட்டான்னு எல்லாரும் நெனைக்காவ. பங்குனியிலயே எங்கிட்ட வந்து, 'அக்கா, இந்த ஒற பிள்ளையோட மருந்துத் தயிருல எடுத்தது'ன்னு சொன்னா. நான் சாப்பிட்டுக்கிட்டேதான் இருந்தேன். ருசியா இருந்துச்சு. அப்புறம் கட்டி பெருசாக ஆரம்பிச்சதும் எனக்குத் தோணிப்போச்சு, பிள்ளைய வளக்கதுதான் இதையும் வளக்குன்னு. அன்னைக்கோட அந்தத் தயிர விட்டுட்டேன்."

"ஆஸ்பத்திரியில சொல்லலியா?"

"கேட்டாவ. நாட்டு மருந்து எதும் சாப்பிட்டியான்னு ஆனியில கேட்டாவ. இல்லன்னுட்டேன். சொன்னா பிள்ளைக்கு நிறுத்திருவாவள்லா? எப்பிடியும் வந்தது வந்துருச்சு, அவ இன்னும் ரெண்டு மடிப்பு வளரட்டும்னு இருந்தேன்." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். தான் செய்ததில் அவளுக்கு வருத்தம் இருந்த மாதிரித் தெரியவில்லை.

மங்கை நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டாள். இவளும் அதே பிள்ளைக்காக, அதே மாதங்களில் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டு பேரில் ஒருத்தி பேசியிருந்தாலும் போதுமே. இவ்வளவு நாள் தான் மட்டும் சுமந்ததாக நினைத்ததை இன்னொருத்தியும் சுமந்திருக்கிறாள் என்று தெரிந்ததும், அவளுக்கு ஒரு நிமிஷம் அது ஆறுதலாகக்கூட இருந்தது. அந்த ஆறுதலில்தான் வாயைத் திறந்தாள்.

"எனக்கும் தெரியும், பகவதி. சித்திரையிலயே தெரியும். நானும் பிள்ளைக்காகத்தான் சொல்லல."

பகவதியின் சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் மங்கையின் முகத்தையே பார்த்தாள். சித்திரையில் அது இன்னும் கடலைப் பருப்பாகத்தான் இருந்திருக்கும். அந்தக் கணக்கை அவள் மனதுக்குள் போட்டுப் பார்ப்பது மங்கைக்குத் தெரிந்தது.

"நான் சொல்லாம விட்டது என் உசுரு டாக்டரம்மா" என்றாள் பகவதி. "நீங்க சொல்லாம விட்டதும் என் உசுருதான."

அதில் கோபம் இல்லை. கோபப்படுகிற பலமும் அவளுக்கு இல்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மங்கை நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வந்தவள்தான், ஆனால் அந்தச் சொல் அந்த அறையில் எதற்கும் போதாது என்று அவளுக்குப் பட்டது. சுவரைப் பார்த்தபடியே பகவதி ஒன்று மட்டும் கேட்டாள். தயிர்தான் காரணம் என்று தனக்கு முன்னமே தெரியும் என்பதைப் பிள்ளையிடம் ஒருநாளும் சொல்லக் கூடாது. தன்னால்தான் அத்தை போய்விட்டாள் என்று அது காலமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கும். மங்கை சரி என்றாள்.

வெளியே வந்தபோது பள்ளிக்கூடம் விட்டிருந்தது. முப்பிடாதி புத்தகப் பையோடு முற்றத்தில் நின்றாள். மங்கையைப் பார்த்ததும் ஓடிவரவில்லை. குழாயடியில் நாலைந்து பெண்கள் குடத்தோடு நின்றார்கள். தென்கோடி வீட்டு வாசலில் செல்லக்கனி உட்கார்ந்திருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் முப்பிடாதி. அவள் குரல் இன்னும் கீச்சென்றுதான் இருந்தது. "பகவதி அத்தைக்கு இப்பிடி ஆனது எங்கம்மாவாலயா? இவங்க எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுதாவ."

அவளிடம் சொல்வதென்றால் குனிந்து காதோடு சொல்லியிருக்கலாம். மங்கை குனியவில்லை.

"உங்கம்மாவால இல்ல" என்றாள், குழாயடிக்கும் கேட்கிற குரலில். "அது உயிருள்ள மருந்து, பரவும்னு நான்தான் யோசிக்கல. பரவிருச்சுன்னு சித்திரையிலயே எனக்குத் தெரிஞ்சது. அன்னைக்கே சொல்லியிருந்தா உங்க அத்தையைக் காப்பாத்தியிருக்கலாம். நான் சொல்லல."

செல்லக்கனி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏன் சொல்லல?" என்று கேட்டாள் முப்பிடாதி.

மங்கையிடம் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு உண்மையான பதில்தான் இருந்தது. அதைத் தவிர வேறு எதையும் அந்தப் பிள்ளையிடம் சொல்லலாம். "பயந்துட்டேன்" என்றாள். ஆய்வுக்கு அவமானம் வந்துவிடும், வேலை போய்விடும் என்று பயந்துவிட்டதாகச் சொன்னாள்.

முப்பிடாதி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்த வயதிலும் அந்த முகத்தில் அருவருப்பு தெளிவாகத் தெரிந்தது. மங்கையைச் சுற்றிக்கொண்டு நடந்து, பகவதியின் வீட்டுப் படியில் யார் கையையும் பிடிக்காமல் ஏறி உள்ளே போனாள். மங்கை அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.